ஆன் ஆகாத கம்ப்யூட்டர் எந்த இடத்துல நிக்குது?

"லேப்டாப் ஆன் ஆகல, என்ன பண்றது?" இந்தக் கேள்வி வந்தா நான் முதல்ல திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். ஆன் ஆகலைன்னா, எது வரைக்கும் ஆகுது? லைட்டே எரியலையா? லைட் எரியுது, ஆனா ஸ்கிரீன் கறுப்பா இருக்கா? கம்பெனி லோகோ வந்து நின்னுடுதா? இல்ல, விண்டோஸ் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா?

வெளியில இருந்து பார்த்தா எல்லாமே "ஆன் ஆகல" தான். ஆனா இந்த நாலும் நாலு வேற பிரச்சினை. ஒண்ணு சார்ஜரோட போயிடும், இன்னொண்ணு மதர்போர்டு வரைக்கும் இழுக்கும். அதைவிட முக்கியமா, ஒண்ணுல உங்க ஃபைலுக்கு எந்த ஆபத்தும் இல்ல, இன்னொண்ணுல அவசரப்பட்டு ஒரு பட்டனை அழுத்தினா மூணு வருஷ போட்டோ காலி.

பவர் பட்டனை அழுத்தினதும் உள்ளே ஒரு தொடர் ஓட்டம் நடக்குது. முதல்ல கரண்ட் வரணும். அடுத்து பயாஸ் எழுந்து ரேம், டிஸ்ப்ளே எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு சோதிக்கும். அப்புறம் எஸ்எஸ்டி எங்கே இருக்குன்னு தேடிப் பிடிக்கும். கடைசியா அதுல இருந்து விண்டோஸ் எழுந்திருக்கும். எந்த இடத்துல நிக்குதோ, அதுக்கு முன்னாடி இருக்கறது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. வரிசையா பார்ப்போம்.

ஒண்ணு: லைட்டே எரியல

முதல்ல வேற பிளக்ல போட்டுப் பாருங்க, வேற சார்ஜர் கிடைச்சா அதையும். லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க. உள்ளே தங்கியிருக்கற கொஞ்ச நஞ்ச கரண்ட் வெளியேறும். திரும்ப சார்ஜர் போட்டு ஆன் பண்ணுங்க. கேட்க விளையாட்டா இருந்தாலும் நிறைய பேருக்கு இதுலயே சரியாகும்.

டெஸ்க்டாப்னா பின்னாடி இருக்கற எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கற கெபாசிட்டர்ல ஆபத்தான அளவு கரண்ட் நிக்கும். அதே மாதிரி லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தா, டச்பேட் மேல தூக்கிட்டு நிக்கும். அப்போ சார்ஜ் போடறதை உடனே நிறுத்திட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

ரெண்டு: ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பு

லேப்டாப்னா ஹெச்டிஎம்ஐ கேபிள்ல டிவியோட இணைச்சுப் பாருங்க. டிவில படம் வந்தா கம்ப்யூட்டர் நல்லா இருக்கு, ஸ்கிரீன்லதான் கோளாறு. டெஸ்க்டாப்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா, மானிட்டர் கேபிள் அந்தக் கார்டுலதான் சொருகியிருக்கான்னு பாருங்க.

எங்கேயுமே படம் வரலைன்னா அடுத்த சந்தேகம் ரேம். பவரை முழுசா துண்டிச்சுட்டு, ரேமைக் கழட்டி, தூசு தட்டி, கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க. மெலிசான லேப்டாப்கள் பலதுல ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும், அதுல கை வைக்க முடியாது. பீப் சத்தம் வந்தா எத்தனை தடவை வருதுன்னு எண்ணி, உங்க மாடல் பேரோட தேடுங்க. எந்தப் பாகத்துல பிரச்சினைன்னு பயாஸ் சொல்ற மொழி அது.

மூணு: லோகோ வருது, அப்புறம் "நோ பூட்டபிள் டிவைஸ்"

முதல்ல பென்டிரைவ் எதாவது சொருகியிருந்தா கழட்டுங்க. சில சமயம் கம்ப்யூட்டர் அதுல விண்டோஸைத் தேடிக்கிட்டு இருக்கும். அடுத்து பயாஸுக்குள்ள போங்க. ஆன் பண்ணும்போது எஃப்2 இல்ல டெலீட், கம்பெனிக்கு கம்பெனி மாறும். அங்கே உங்க எஸ்எஸ்டி பேர் தெரியுதா? தெரிஞ்சா, பூட் வரிசையோ பூட் ஃபைலோதான் குழம்பியிருக்கும், சரி பண்ணிடலாம். தெரியலைன்னா, எஸ்எஸ்டி லூசா இருக்கலாம், இல்ல செத்திருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்ல "டக் டக்"னு சத்தம் வந்தா திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் டேட்டா திரும்பக் கிடைக்கற வாய்ப்பு குறையும்.

நாலு: விண்டோஸ் எழுந்திருக்க மாட்டேங்குது

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? ஏர்போர்ட்ல கையால எழுதின போர்டிங் பாஸ் குடுத்தாங்களே, அந்த வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோட நின்னுச்சு. அதுல ஹார்டுவேர் எதுவும் கெடல. சேஃப் மோட்ல போய் ஒரே ஒரு ஃபைலை டெலீட் பண்ணதும் எழுந்துக்கிச்சு. ஆனா டிஸ்க் பிட்லாக்கர்ல பூட்டியிருந்த மெஷின்கள்ல அந்த ஃபைலைத் தொடறதுக்கே ரெக்கவரி கீ தேவைப்பட்டுச்சு. கீயைத் தேடி எடுக்கறதே பல ஐடி டீமுக்கு பெரிய வேலையாச்சு.

உங்க வீட்டு லேப்டாப்புக்கும் இதே கதைதான். விண்டோஸ் லோட் ஆகும்போது பவர் பட்டனைப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. ரெண்டு மூணு தடவை இப்படிப் பண்ணா ரெக்கவரி திரை தானா வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதல்ல ஸ்டார்ட்டப் ரிப்பேர். அடுத்து கடைசியா வந்த அப்டேட்டை நீக்கிப் பாருங்க. அதுவும் சரிவரலைன்னா சேஃப் மோட்.

அதே திரையில "ரீசெட் திஸ் பிசி"னு ஒண்ணு இருக்கும். அதைக் கடைசிக்கு வெச்சுக்கோங்க. அதுக்குள்ள "ரிமூவ் எவ்ரிதிங்" குடுத்தா எல்லாம் போயிடும். அதுக்கு முன்னாடி ஃபைலை வெளியே எடுக்க வழி இருக்கு. நண்பரோட கம்ப்யூட்டர்ல ஒரு உபுண்டு பென்டிரைவ் ரெடி பண்ணி, அதுல இருந்து உங்க மெஷினை பூட் பண்ணி, வேணுங்கற ஃபைலை வேற டிரைவுக்கு காப்பி பண்ணிக்கலாம். மெஷினே போயிட்டாலும், கழட்டக்கூடிய எஸ்எஸ்டின்னா யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல படிக்கலாம்.

கடைக்குப் போறதா இருந்தா

ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க தெரு முனைக் கடையோ, "ஆன் ஆகல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "லோகோ வருது, பயாஸ்ல எஸ்எஸ்டி தெரியுது, அதுக்கப்புறம் நிக்குது"ன்னு சொல்லுங்க. லோகோ வர்ற மெஷினுக்கு ஒருத்தர் மதர்போர்டு மாத்தணும்னு சொன்னா, ஏன்னு தைரியமா கேளுங்க. "என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணக் கூடாது"ன்னு ரசீதுலயே எழுதி வாங்குங்க. மாத்தின பார்ட்டையும் திரும்பக் கேளுங்க.

கடைசியா, இப்போ உங்க லேப்டாப் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு வேலை. புது லேப்டாப்கள் பலதுல நீங்க கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். அந்த 48 இலக்க ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு போன்ல லாகின் பண்ணிப் பாருங்க, ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அந்தக் கீ இல்லாம கடைக்காரராலயும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலயும் முடியாது. ஆபீஸ் லேப்டாப்னா கீ உங்க ஐடி டீம்கிட்ட இருக்கும்.

அவ்வளவுதான் மக்களே. லேப்டாப் ஆன் ஆகலைன்னு யாராவது பதறினா இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.