இதயத் துடிப்பு மாத்திரை சாப்பிட்டால் முகம் நீல நிறமாக மாறுமா? காரணம் என்ன.. என்ன செய்யணும்?

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே முகம் எரிகிறது. சில வருஷங்களில் மூக்கும் கன்னமும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிகிறது. வெயில் அலர்ஜி என்று நினைத்து க்ரீம் தடவுபவர்கள் உண்டு. ஆனால், தினமும் சாப்பிடும் இதய மாத்திரையும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

எந்த மாத்திரை?

அமியோடரோன். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க டாக்டர்கள் தரும் மருந்து இது. கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் தோல், நுரையீரல், கல்லீரல் என உடல் முழுக்கப் போய்த் தங்கிவிடும்.

தோலில் என்ன நடக்குது?

தோலில் தங்கிய மருந்து மீது சூரியனின் புற ஊதா 'ஏ' கதிர் படும்போது எரிச்சல், குத்தல், சிவப்பு ஏற்படும். இந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அதனால் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் முழுசா தப்பிக்க முடியாது.

நிறம் மாறுவது கொஞ்சம் அரிது. நீண்டகாலம், அதிக அளவில் மருந்து எடுப்பவர்களுக்கு, வெயில் படும் முகத்திலும் கைகளிலும்தான் பெரும்பாலும் வரும்.

மாத்திரையை நிறுத்திடலாமா?

இங்கேதான் பலர் தப்பு பண்றாங்க. தானாக நிறுத்தினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு திரும்ப வரலாம். நிறுத்தினாலும் தோல் உடனே சரியாகாது. உடலில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே சராசரியாக 2 மாதம் ஆகும். நிறம் மங்க பல மாதங்கள், சிலருக்கு வருஷங்கள்கூட ஆகலாம். முழுசா போகாமலும் இருக்கலாம்.

அப்போ என்னதான் வழி?

* முழுக்கை சட்டை, அகலமான தொப்பி, குடை அவசியம்.
* ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் தடவலாம்.
* தோலில் மாற்றம் தெரிந்தால் மருந்து தந்த டாக்டரிடம் காட்டுங்க. அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.
* தோல் டாக்டரிடம் போனால், இந்த மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்க.

எப்போது உடனே ஓடணும்?

உதடு நீலமாகி மூச்சுத் திணறினால் அது வெறும் தோல் பிரச்சனை இல்லை. காய்ச்சலோடு கொப்புளம், வாய்ப்புண், தோல் உரிதல் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். இரண்டுக்குமே உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெயிலைத் தவிர்க்கலாம், மாத்திரையைத் தவிர்க்கும் முடிவு மட்டும் டாக்டருடையது!