விளக்கு இருக்கிறது, எண்ணெய் வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

"லேசர் கருவி வாங்கக் காணிக்கை அனுப்பினோமே ஐயா, சாயத்துக்கென்று மறுபடியும் கேட்கிறீர்களே?" என்று ஒரு சபை மூப்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. நமது தோல் மருத்துவரிடம் கேட்டு அறிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேர், திராட்சரசம் சிந்தியது போன்ற செந்நிறப் படையுடன் பிறக்கிறார்கள். பலருக்கு அது முகத்திலேயே இருக்கும். கிரகண தோஷம் என்பார்கள். பெற்றோரின் பாவம் என்பார்கள். இரண்டும் அல்ல. தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதே காரணம். இரத்தம் நன்றாக உறிஞ்சும் நிறத்தில், மிகக் குறுகிய நேரம் ஒளி பாய்ச்சினால் குழாய் மட்டும் சூடாகிச் சிதையும், சுற்றியுள்ள தோல் தப்பும் என்று 1983-ல் பாஸ்டன் மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் விளக்கினார்கள். அந்த மஞ்சள் ஒளியைத் தருவது சாய லேசர். 1966-ல் அமெரிக்காவில் பீட்டர் சொரோகினும், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஷேஃபரும் தனித்தனியே கண்டறிந்தது அது.

ரோடமின் போன்ற ஒரு சாயத்தைக் கரைசலாக்கி, அதன்மேல் மின்வெட்டு விளக்கின் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சாயம் அந்த ஒளியை வாங்கித் தன் நிறத்தில் திருப்பித் தருகிறது. ஆனால் வெயிலில் உலர்த்திய சேலை வெளுப்பதுபோல, சாயமும் ஒளியினாலேயே கெடுகிறது. பெரும்பாலான மூலக்கூறுகள் வாங்கியதை உடனே கொடுத்துவிடும். சில மட்டும் அதைச் சற்று நேரம் பிடித்துவைத்திருக்கும். அப்போது ஆக்சிஜனோடும் பிறவற்றோடும் வினைபுரிந்து உடைந்துபோகும். உடைந்த துணுக்குகளோ லேசர் ஒளியையே விழுங்கி, கருவியின் வலிமையைக் குறைத்துவிடும்.

இதற்குப் பல பரிகாரங்கள் உண்டு. விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரை வடிகட்டலாம். கரைசலை ஓரிடத்தில் தேங்கவிடாமல் பம்பு வைத்து ஓடச் செய்து, குளிரவும் வைக்கலாம். ஒளியைப் பிடித்துவைக்கும் மூலக்கூறுகளை அமைதிப்படுத்தும் பொருளைச் சேர்க்கலாம். சிலவகைச் சாயங்களில், நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றினால் ஆயுள் கூடுகிறது. துணுக்குகளைக் கரி வடிப்பானில் அகற்றிப் புதுச்சாயம் சேர்ப்பதும் உண்டு. இவையெல்லாம் சாயத்தின் ஆயுளை நீட்டுமேயன்றி, முடிவில்லாததாக்கிவிடா. ஆகவே குறித்த காலத்தில் அதை மாற்றியே ஆகவேண்டும்.

சென்ற ஆண்டு சாயம் வரத் தாமதித்ததால் சில வாரங்கள் சிகிச்சை நின்றது. பாதிச் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுமியின் தாய் என்னிடம், "கன்னத்தில் பாதி வெளுத்துவிட்டது ஐயா. மீதியை அப்படியே விட்டுவிடுவார்களா?" என்று கேட்டார். படை முழுவதும் மறையும் என்று மருத்துவர் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பலருக்கு நிறம் நன்றாக மங்கும். அதற்கும் சில வார இடைவெளியில் பலமுறை வரவேண்டும். நடுவில் நிறுத்துவது அந்தத் தாய்க்கு எவ்வளவு பாரம் என்று அன்று கண்டேன். சாயம் வந்தபின் அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை தொடர்ந்தது. தேவனுக்கே மகிமை.

பத்துக் கன்னிகைகளின் உவமையை நாம் அறிவோம். விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது, குறைவுபட்டது எண்ணெய்தான். விளக்கை நீங்கள் தந்தீர்கள். எண்ணெய் குறையாதிருக்க ஜெபத்தோடும் காணிக்கையோடும் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்