காசி ராஜா வெட்டிக்கொடுத்த இங்கிலாந்துக் கிணறு

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஸ்டோக் ரோ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே செர்ரித் தோட்டத்துக்குப் பக்கத்தில், வெங்காய வடிவக் கூரையோடு ஒரு குட்டி மண்டபம் நிற்கிறது. உள்ளே தங்க நிறத்தில் ஒரு யானை. தூரத்திலிருந்து பார்த்தால் வடநாட்டுக் கோயில் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அது ஊர்ப் பொதுக்கிணறு. காசு கொடுத்து வெட்டவைத்தவர், காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்!

மழைக்குப் பெயர்போன இங்கிலாந்தில் தண்ணீர்க் கஷ்டமா? ஆமாம். ஸ்டோக் ரோ இருப்பது சில்ட்டர்ன் குன்றுகளின் மேல். அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும். களிமண் குட்டைகளில் தேங்கும் தண்ணீரும், கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீரும்தான் ஏழைகளுக்குக் கதி. கோடையில் அதுவும் வற்றிவிடும்.

பக்கத்து ஊரான இப்ஸ்டெனைச் சேர்ந்தவர் எட்வர்டு ஆண்டர்டன் ரீட். இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரியாகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1831-ல் ஆஸம்கர் பகுதி மக்களுக்காகக் கிணறு வெட்டவைத்தவர். காசி ராஜாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது தன் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு சிறுவன், வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான். அதற்காக அம்மாவிடம் அடி வாங்கினான்.

அந்தக் கதை ராஜாவின் மனதில் தங்கிவிட்டது. 1857 கிளர்ச்சியில் ராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரீட் மீதான நட்பு, ஆட்சியாளர்களிடம் காட்டும் விசுவாசம் இரண்டுமே இந்தத் தர்மத்தில் கலந்திருந்தன. 1860-61-ல் வட இந்தியாவிலேயே பெரும் பஞ்சம் என்பதும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் குடத்தோடு அலைந்த ஸ்டோக் ரோ பெண்களுக்கு அரசியலா முக்கியம்?

1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. கிணற்றின் அகலம் வெறும் 4 அடி. இயந்திரம் கிடையாது, எல்லாம் கையால்தான். தோண்டத் தோண்ட வெள்ளைப் பாறையே வந்தது. கடைசியில் ஆழம் 368 அடி. குதுப்மினாரைத் தலைகீழாக இறக்கினால்கூட இன்னும் 130 அடி பாக்கி இருக்கும்! 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று கிணறு திறக்கப்பட்டது. ஒரு வாளி நீரை மேலே கொண்டுவர ராட்டினத்தைச் சுமார் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். இருந்தாலும் தண்ணீர் இலவசம், எல்லோருக்கும்.

கிணறு வெட்டுவது சுலபம், பராமரிப்பதுதான் கஷ்டம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? அதற்கும் வழி செய்திருந்தார்கள். காவலாளிக்குத் தனி வீடு, பக்கத்திலேயே செர்ரித் தோட்டம். பழம் விற்ற காசு கிணற்றுச் செலவுக்கு. தோட்டத்துக்கு ராஜா பெயரில் ‘ஈஸ்ரி பாக்’, மீன் வடிவக் குளத்துக்கு ‘மத்ஸ்யா’ என்று பெயர்.

ராஜா அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை. 1882-ல் துப்பாக்கிச் சூட்டிலிருந்து விக்டோரியா ராணி தப்பியபோது, கிராமத்தாருக்கு ரொட்டி, டீத்தூள், சர்க்கரையோடு மதியச் சாப்பாடும் அவர் செலவில்தான்.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது. பிறகு குழாய் வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராட்டினம் நின்றுபோனது. 1964-ல் கிணற்றுக்கு நூறு வயது. இளவரசர் ஃபிலிப் வந்திருந்தார். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை நீரை அன்று கிணற்றில் ஊற்றினார்கள்.