மாத்திரை தொடங்கியபின் வந்த காய்ச்சல்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிறு மாலை. கோந்த்வாவில் எங்கள் வீட்டுக்குத் தம்பி ஒருவர் வந்தார். நெல்லைப் பக்கத்துக்காரர், புனேயில் வண்டி ஓட்டுகிறார். (அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) என் மனைவி காப்பி கலக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு. அதுக்குப் பொறவுதான் காய்ச்சலும் கழுத்துல கட்டியும். மருந்து ஒத்துக்கல. நாலு நாளா நிறுத்திட்டேன்."

நான் மருத்துவன் அல்லன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் 'நிறுத்திட்டேன்' என்ற சொல் என்னைப் பதற வைத்தது. அன்று அவருக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்; இதைக் கேட்கக் கூச்சப்படும் ஒருவர் நம்மிடையே இருக்கலாம்.

நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளணுக்கள் உண்டு. கோந்த்வாவில் தெருவுக்குத் தெரு கட்டடம் எழும்புகிறதே, அங்கே நிற்கும் மேஸ்திரி மாதிரி இவை. தாமே கல் சுமப்பதில்லை. மற்ற அணுக்களை ஏவி வேலை வாங்குபவை. எச்.ஐ.வி. கிருமி தாக்குவது இந்த மேஸ்திரிகளைத்தான். நல்ல உடல்நிலையில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்தான தொற்றுகள் எளிதில் பற்றும். தம்பியின் சீட்டில் இருந்தது 84.

மாத்திரை நேரடியாக இந்த அணுக்களை உண்டாக்குவதில்லை. கிருமி பெருகுவதைத் தடுக்கிறது, அவ்வளவே. பிறகு உடல் தானே மீள்கிறது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் எண்ணிக்கை சற்று வேகமாக ஏறும். இவற்றில் பெரும்பகுதி, நிணநீர்க் கட்டிகளில் தங்கியிருந்த பழைய அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்புவது. புதிய அணுக்கள் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவப்பட்டு வர வேண்டும்; அது ஆண்டுக்கணக்கான வேலை. வயது ஏற ஏற அந்தச் சுரப்பி சுருங்கிவிடும். அதனால்தான் இளைஞர்கள் விரைவில் தேறுகிறார்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையில் சிகிச்சை தொடங்கிய சிலருக்குக் கிருமி அடங்கிய பிறகும் 500 எட்டுவதில்லை. இன்னொன்று: இந்த எண் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும், சாதாரண ஜலதோஷத்திலும் மாறும். இதற்காக அழுதவர்களை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, காய்ச்சல் எப்படி வந்தது? காசநோய்க் கிருமி முன்பே உடலில் பதுங்கியிருந்திருக்கலாம். அதை எதிர்க்க ஆளில்லாததால் உடல் சத்தம் போடவில்லை. மேஸ்திரிகள் திரும்பியதும் கண்டுகொண்டு சண்டையைத் தொடங்கினார்கள். அந்தச் சண்டைதான் காய்ச்சலும் வீக்கமும். இதை மருத்துவர்கள் 'ஐரிஸ்' என்பார்கள். பெரும்பாலும் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தாமலே, மறைந்திருந்த நோய்க்கு மருந்து கொடுப்பார்கள். ஆனால் எல்லாக் காய்ச்சலும் இதுவல்ல. மருந்து ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது மருத்துவர். நாமாக நிறுத்தினால் சில வாரங்களில் கிருமி மறுபடி பெருகிவிடும்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தபோது மருந்து என்று சொல்ல ஒன்றுமில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து தொடங்கியது. நம் தாம்பரம் மருத்துவமனை அவற்றில் ஒன்று. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே சிகிச்சை என்றாயிற்று.

மறுநாள் தம்பியை அரசு மையத்துக்கு அழைத்துப் போனேன். கட்டியில் ஊசி குத்திப் பார்த்ததில் காசநோய்தான். அதற்கான மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், மாலையில் கூடுதலாக ஒரு டோலுடெக்ராவிர் கொடுத்தார்கள். நிறுத்திய மாத்திரையும் தொடர்ந்தது.

ஊரிலிருக்கும் மனைவியிடம் சொல்லத்தான் அவருக்குத் துணிவில்லை. புனே, சென்னை உட்படப் பல நகரங்களின் தம்பதியரிடம் நடந்த ஆய்வொன்று 2011-ல் வெளியானது. சிகிச்சையை உடனே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. இதைச் சொன்ன பிறகுதான் தொலைபேசியை எடுத்தார். அந்த அம்மாள் பரிசோதித்துக்கொண்டார், தொற்று இல்லை.

பொங்கலன்று இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கழுத்தில் வீக்கம் வற்றியிருந்தது. மடித்து வைத்திருந்த சீட்டில் 196. "இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றார் அந்த அம்மாள். 84-லிருந்து ஏறியது என்று என் மனைவி சொல்லிக் கொண்டிருக்கும்போதே தம்பியின் கைப்பேசியில் அலாரம் அடித்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கேட்டார்.