கோட்டைக்குள் ஒரு சாப்பாட்டு மேசை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பே இடம் பிடிக்கலாம். மேஜிக் கிங்டம் பூங்காவின் சிண்டரெல்லா கோட்டைக்குள், மாடியில் ஓர் உணவகம் உண்டு. உயரமான வண்ணக் கண்ணாடி சன்னல்கள், கீழே ராட்டினங்கள். குழந்தை அதற்கு ஆசைப்பட்டால் முன்பதிவு செய்தே தீரவேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

மற்ற வேளைச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யாமல் விட்டுவிடுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை அங்கே சகஜம். பிள்ளைகளுக்குப் பசியும் நேரம் பார்த்து வராது. கவுன்டர் உணவகங்களில் கைப்பேசிச் செயலியிலேயே ஆர்டர் கொடுத்து, தயாரானதும் வாங்கிக்கொள்ளலாம். பதிவு செய்த இடத்துக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று அபராதம் பிடிப்பார்கள்.