பலகை இறங்கியது ஏன்?

பெங்களூர் நகரத்துத் தெருக்களிலே, 2025 ஜூலைத் திங்களில், ஒரு விந்தை நிகழ்ந்தது. தேநீர்க் கடையிலும், ரொட்டிக் கடையிலும், தள்ளுவண்டியிலும் தொங்கிய கட்டம் போட்ட கியூ.ஆர். பலகைகள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கின. 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டுமே' என்ற தாள்கள் அங்கே ஏறின.

ஏன்? கருவி கசந்துவிட்டதா? கைப்பேசி கனத்துவிட்டதா? இல்லை தோழர்களே, இல்லை! கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வழியே சிறுகடைகளுக்கு வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்தது. பல ஆண்டுகளுக்கும் சேர்த்து வரி கேட்டு நோட்டீசு அனுப்பியது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவன் கையிலே, லட்சக் கணக்கில் எண் பொறித்த ஓலை! திகைத்தான், திகைத்தவன் பலகையைக் கழற்றினான். கிளர்ச்சி மூண்டது. முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பதிவு செய்துகொள்வோரிடம் பழைய பாக்கி கேட்கப்படாது என்றார். புயல் ஓய்ந்தது, பாடம் மிஞ்சியது.

வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், யார் கட்ட வேண்டும் என்பதை அவருக்குச் சொன்னது யார்? சரக்கு விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால், சேவை செய்பவருக்கு 20 லட்சத்தைத் தாண்டினால், ஜி.எஸ்.டி. பதிவு தேவை. பச்சைக் காய்கறிக்கு வரியே இல்லை. வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்பவருக்குப் பதிவும் தேவையில்லை. ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட கடைக்காரர், விற்பனையில் 1 சதவிகிதம் கட்டிக் கணக்கை முடிக்கும் எளிய வழியும் உண்டு. பலகையை மாட்ட ஓடி வந்தவர்களில் எத்தனை பேர் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள்?

மைத்துனன் தந்த கைமாற்றும், மகள் திருமணத்து மொய்யும், தேநீர் விற்ற காசும் ஒரே வங்கிக் கணக்கிலே விழுந்தால், தூர இருந்து பார்ப்பவன் கண்ணுக்கு எல்லாமே விற்பனை! கடைக்கொரு கணக்கு, வீட்டுக்கொரு கணக்கு என்று பிரித்து, அன்றாட வரவு செலவை ஒரு நோட்டிலே குறித்திருந்தால், நோட்டீசுக்குப் பதில் கையிலே இருந்திருக்கும்.

அதற்காகக் கருவியையே தூக்கி எறியலாமா? கேரளத்து வடகடற்கரையைப் பாருங்கள். 1997 முதல் அங்கே கைப்பேசி வந்தது. அதற்கு முன், ஒரு துறையிலே வாங்க ஆளின்றி மத்தி மீனைக் கடலிலே கொட்டுவார்கள். அடுத்த துறையிலே மீனின்றி வெறுங்கூடையோடு திரும்புவார்கள். கைப்பேசி வந்தபின், படகிலிருந்தபடியே விலை கேட்டுக் கரை சேர்ந்தார்கள். இதை ஆராய்ந்து 2007-ல் எழுதினார் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர். மீனவர் இலாபம் 8 சதவிகிதம் உயர்ந்தது. மீன் விலையோ 4 சதவிகிதம் குறைந்தது! விற்றவனும் சிரித்தான், வாங்கியவனும் சிரித்தான்.

அந்த மீனவன் தன் கருவியை அறிந்து ஆண்டான். பெங்களூர்க் கடைக்காரனோ, பணம் வரும் வழியை மட்டும் அறிந்தான்; வந்த பணம் எங்கே, எப்படிக் கணக்காகிறது என்பதை அறியாதிருந்தான். அறியாமை அவன் குற்றமா? அறிவிக்காதவர் குற்றம் அல்லவா!

ஆகவே தோழர்களே! உங்கள் தெருமுனைக் கடையிலும் அந்தப் பலகை தொங்குகிறது. ஒரு மாலைப்பொழுது அங்கே போய் உட்காருங்கள். கடைக்கெனத் தனிக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். விற்பனை வரம்பைத் தமிழிலே எடுத்துச் சொல்லுங்கள். யு.பி.ஐ. வழியே வாடிக்கையாளரிடம் பணம் பெறக் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை என்று 2020 முதல் விதி இருப்பதை விளக்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், கணக்கு நோட்டை அதன் கையிலே கொடுங்கள்.

பலகை தொங்கட்டும், அதன் கீழே நிற்பவன் தலைநிமிர்ந்து நிற்கட்டும்!