வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: கடலை விற்ற பணத்தில் எதை வாங்கலாம்?

மார்கழிப் பட்டத்தில் போட்ட நிலக்கடலையை விற்று, கூலி, வண்டி வாடகை, உரக்கடை பாக்கி எல்லாம் போக 25,000 ரூபாய் மிஞ்சியிருக்கிறது. மூத்த பெண் ஆனி மாதம் கல்லூரிக்குப் போகப்போகிறாள். தம்பி பத்தாம் வகுப்பு. 'லேப்டாப் இல்லாமல் படிக்க முடியாது' என்கிறாள் பெண். கடைக்காரர் 'தவணையில் 50,000 ரூபாய் மாடல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கவும் பணம் வேண்டும். இப்படி ஒரு வீடு இன்று எல்லா ஊரிலும் உண்டு.

மாட்டுச் சந்தையில் ஏமாறாத விவசாயி கம்ப்யூட்டர் கடையில் ஏமாந்துவிடுவது ஏன்? மாட்டில் பல், சுழி, மடி, நடை என்று எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரிலும் பார்க்க வேண்டியவை நான்கைந்துதான். அவற்றைத் தெரிந்துகொண்டால் 25,000 ரூபாய்க்குள் ஐந்தாண்டு உழைக்கும் கருவியை வாங்க முடியும்.

முதலில், தேவையா?

உழவன் செயலி, வானிலை அறிவிப்பு, பட்டா பார்ப்பது, சந்தை விலை பார்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் கையில் உள்ள செல்போனே போதும். இவற்றுக்காக மட்டும் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கட்டுரை, செய்முறை அறிக்கை தட்டச்சு செய்யவும், கணக்குத் தாள்கள் போடவும், புரோகிராம் எழுதிப் பழகவும் கம்ப்யூட்டர் வேண்டும். அந்தத் தேவை வீட்டில் இல்லையென்றால் அந்தப் பணம் விதைக்கும் உரத்துக்கும் இருக்கட்டும்.

கல்லூரியில் எந்தப் பாடம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கலை, வணிகவியல், வேளாண்மை படிப்பவர்களுக்குச் சாதாரணக் கருவி போதும். கட்டட வரைபடம், வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்குச் சக்தி கூடிய கருவி தேவைப்படும். முதலாண்டிலேயே அதை வாங்க அவசரப்படாமல், கல்லூரியில் விசாரித்துவிட்டு வாங்கலாம்.

களமும் குதிரும்

கம்ப்யூட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ரேம். இது நெல் காயவைக்கும் களம் மாதிரி. களம் சிறிதாக இருந்தால் நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காயவைக்க முடியும். ரேம் குறைவாக இருந்தால் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துத் திறந்தாலே கருவி திணறும். இன்றைய நிலையில் 8 ஜி.பி. வேண்டும்.

மற்றொன்று சேமிப்பு. இது குதிர். பழைய கருவிகளில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். இப்போது எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. இதில் சுழலும் பாகமே இல்லை. ஹார்டு டிஸ்க் உள்ள கருவி திறந்து தயாராகச் சில நிமிடங்கள் ஆகிற இடத்தில், எஸ்.எஸ்.டி. உள்ளது அரை நிமிடத்தில் தயாராகும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒரு மாணவருக்குப் போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'புத்தம் புதுசு, விலை குறைவு' என்று விற்கப்படும் சில லேப்டாப்களில் ரேம் 4 ஜி.பி.தான் இருக்கும். சேமிப்பு 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. வகையாக இருக்கும். விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் இவற்றில் பிறகு ரேமைக் கூட்டவும் முடியாது. ஆறு மாதத்தில் 'கருவி நின்றுவிட்டது' என்று பிள்ளை அழும். புதுசு என்பதற்காக மட்டும் இதை வாங்கக் கூடாது.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்கும் லேப்டாப்கள் சந்தைக்கு வருகின்றன. டெல் லாட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்.பி. எலைட்புக் போன்றவை அலுவலக உழைப்புக்கென்று கெட்டியாகச் செய்யப்பட்டவை. ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்றும் வசதி இவற்றில் பலவற்றுக்கு உண்டு. அடிமட்ட விலையில் கிடைக்கும் புதிய கருவியைவிட இவை நன்றாக உழைக்கும்.

ஆனால் வயது பார்க்க வேண்டும். 'ஐ5', 'ஐ7' என்ற பெயர் மட்டும் வயதைச் சொல்லாது. அதற்கு அடுத்துள்ள எண்தான் பல் வரிசை. ஐ5-8250 என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10210 என்றால் 10ஆம் தலைமுறை. ஐ7-3520 என்று இருந்தால் அது 3ஆம் தலைமுறை. 2012ஆம் ஆண்டுச் சரக்கு. 'ஐ7 சார், ஐ5-ஐவிட உசத்தி' என்று சொல்லி அதைத் தள்ளிவிடுவார்கள்.

8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் வகையில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் ஏற்றவை.

கடையில் பார்க்க வேண்டியவை

* சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிட வேண்டும். பேட்டரி 20 சதவீதம் குறைந்தால் மொத்தம் இரண்டரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கு. 40 சதவீதம் குறைந்தால் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்ல வேண்டும்.
* கீபோர்டில் எல்லா எழுத்தையும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும்.
* திரையை வெள்ளையாக வைத்துக் கறை, கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடித் திறந்து கீல் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.
* செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து இணையம், கேமரா, ஒலி மூன்றையும் சோதிக்க வேண்டும்.
* சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்க வேண்டும். மட்டமான சார்ஜர் கருவியையே கெடுத்துவிடும்.
* கருவியின் வரிசை எண் எழுதிய ரசீது கட்டாயம் வேண்டும். ரசீது இல்லாத பழைய கருவி திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவு என்பார்கள். கெட்டுப்போனால் மறுபடி அங்கே போகும் பேருந்துச் செலவையும் ஒருநாள் வேலையையும் சேர்த்துப் பார்த்தால், பக்கத்து டவுனில் வாரண்டி கொடுக்கும் கடையே மேல். பழைய கருவிக்கு மூன்று மாதமாவது எழுத்தில் வாரண்டி கேட்க வேண்டும்.

டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

வீட்டில் மட்டும் இருக்கப்போகிறது, இரண்டு பிள்ளைகளும் பயன்படுத்துவார்கள் என்றால் டெஸ்க்டாப் நல்லது. அதே பணத்துக்குப் பெரிய திரை கிடைக்கும். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் யு.பி.எஸ். செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப்தான்.

மின்செலவையும் பார்க்கலாம். 45 வாட் எடுக்கும் லேப்டாப் தினம் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 11 யூனிட். 120 வாட் எடுக்கும் டெஸ்க்டாப் என்றால் சுமார் 29 யூனிட். இலவச மின்சார வரம்புக்குள் அடங்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

எதை வாங்கினாலும் எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில்தான் செருக வேண்டும். இடி மழையின்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நெல் தூசியும் உமித் தூசியும் காற்றாடியை அடைக்கும். எலி ஒயரைக் கடிக்கும். ஆகவே மூட்டை அடுக்கும் அறையில் கம்ப்யூட்டரை வைக்கக் கூடாது.

பணத்தைப் பிரிப்பது எப்படி?

விலை மாதத்துக்கு மாதம் மாறும். பிரிக்கும் முறை மாறாது. கையில் 25,000 ரூபாய் இருந்தால் கருவிக்கு 20,000 ரூபாய் வரை. மீதி 5,000 ரூபாயை பேட்டரி, எஸ்.எஸ்.டி., யு.பி.எஸ்., மவுஸ், பை இவற்றில் தேவைப்படுவதற்காகத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முழுப் பணத்தையும் கடையிலேயே கொட்டிவிட்டால், முதல் பழுதுக்கே வட்டிக்குக் கை நீட்ட வேண்டிவரும்.

பிரின்டர் வேண்டாம். மாதம் பத்துப் பக்கம் எடுக்கும் வீட்டில் இங்க் காய்ந்துதான் போகும். ஜெராக்ஸ் கடை போதும். எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தமிழிலும் எழுதலாம். கடைக்காரர் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிட வேண்டும். அதே கருவியில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கப்போகிறோம்.

பயிர்க்கடன் பணத்தை இதில் போடவே கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லை; தவறினால் அந்தச் சலுகை போய்விடும். 'வட்டியில்லாத் தவணை' என்று கடையில் சொன்னாலும், செயல்பாட்டுக் கட்டணம் உண்டா, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிப் பார்க்க வேண்டும்.

பரணில் ஒன்று இருக்கிறதா?

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கிறது. திரையும் கீபோர்டும் நன்றாக இருந்தால், எஸ்.எஸ்.டி. மாற்றி, முடிந்தால் ரேமும் கூட்டி, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போட்டால் தட்டச்சுக்கும் பாடம் பார்க்கவும் உதவும். பத்தாம் வகுப்புத் தம்பிக்கு இதுவே போதும். புதிதாக ஒன்று வாங்குமுன் பரணைப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

வாங்கிய கருவி படிப்புக்கு மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை. விதை, உழவு, கூலி, உரம், மருந்து, விற்ற விலை என்று ஒரு பட்டத்தின் வரவு செலவைப் பிள்ளைகள் ஒரு தாளில் ஏற்றினால், எந்தப் பயிரில் கை கடித்தது என்று அடுத்த பட்டத்துக்கு முன் தெரிந்துவிடும். வாரம் பத்து நிமிட வேலைதான். அந்தக் கணக்கை ஒரு பென் டிரைவிலும் எடுத்து, கடை ரசீதோடு சேர்த்துப் பட்டா வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.